முதுமை ஓய்வு பெற்ற பிறகா வருகிறது? – ஓசூர் ஷிப்ட் வாழ்க்கையும் நம் உடல்நலமும்

ஓசூர்ப் பக்கம் பள்ளிவாசல்களில் ஃபஜ்ர் ஜமாஅத்தைக் கவனித்தால் ஒரு காட்சி கண்ணில் படும். கம்பெனிச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகச் சிலர் ஸஃப்பில் நிற்பார்கள். ஸலாம் கொடுத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். நள்ளிரவில் செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர்களில் சிலர் அரைத் தூக்கத்தோடு எழுந்து வந்திருப்பார்கள். நைட் ஷிப்ட் போனவர்கள் இன்னும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஹலாலான சம்பாத்தியத்துக்காக நம் சகோதரர்கள் படும் பாடு இது. அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் இந்த ஓட்டத்தில் உடல் கொடுக்கும் விலையைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஷிப்ட் வேலை. ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவ முகாமில் பி.பி. இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். 'நல்லாத்தானே இருக்கோம்' என்று நிறுத்திவிட்டார். ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது இடது கை மரத்துப்போன மாதிரி இருந்திருக்கிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் படுத்துவிட்டார். மதியம் எழுப்பியபோது வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம்.

நாம் அவரை நலம் விசாரிக்கப் போயிருந்தோம். அவருடைய தாயார் எழுபத்தைந்து வயதில் தானே நடந்துபோய்க் கடையில் இளநீர் வாங்கி வந்து, மகனுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். பிறந்த தேதிப்படி தாயார்தான் மூத்தவர். ஆனால் அந்த அறையில் முதியவராக இருந்தது மகன்தான்.

முதுமை ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும் நாளன்று தொடங்குவதில்லை. முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் எப்படித் தூங்குகிறோம், என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், மனதில் எவ்வளவு சுமக்கிறோம் என்பதில்தான் நம் எழுபது வயது பெருமளவு உருவாகிறது.

தெரிந்தும் விட்டுவிடும் நோய்கள்

தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' என்ற ஆய்வின்படி, மூன்றில் ஒருவருக்கு (33.9 விழுக்காடு) ரத்தக் கொதிப்பு இருந்தது. 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இவற்றைவிடக் கவலை தருவது அடுத்த எண். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்கு மட்டும். நீரிழிவில் 10.8 விழுக்காடு.

அதாவது பி.பி. உள்ள நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அந்தச் சகோதரரைப் போலத்தான் இருக்கிறார்கள். சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் தெரிந்தும் மாத்திரையை விட்டவர்கள். இந்த இரண்டு நோய்களும் பல வருடங்கள் வலிக்காமல் இருக்கும். வலிக்காத அந்தக் காலத்தில்தான் இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் ரத்தக் குழாய்கள் கெடுகின்றன.

இந்த நிலையை மாற்றுவதற்கான ஒரு பெரிய முயற்சி நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டியவர்களுக்கு அதை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

வீடு தேடி மாத்திரை வருகிறது. அதை விழுங்க வேண்டியது நாம். 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான், மாத்திரை எதற்கு' என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைச் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்திருக்கிறோம். பி.பி. மாத்திரையும் அந்தக் கயிறு போன்றதுதான்.

மனச் சுமை உடலை எப்படி மூப்பாக்குகிறது?

ஆபத்து வரும்போது உடல் சில சுரப்புகளைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை கூடும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது உதவும். ஓடி முடித்ததும் அடங்கிவிடும். ஆனால் இன்றைய ஆபத்துகள் அடங்குவதில்லை. உற்பத்தி இலக்கு, கான்ட்ராக்ட் நீட்டிப்பு வருமா வராதா என்ற பயம், மாதத் தவணை, மகளின் திருமணம் எல்லாம் இருபத்து நான்கு மணி நேரமும் துரத்துகின்றன. கார்டிசால் போன்ற சுரப்புகள் நாள்பட உயர்ந்தே இருந்தால் பி.பி.யும் சர்க்கரையும் ஏறுகின்றன, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, தூக்கம் கெடுகிறது.

இது உயிரணு வரை போகிறது. நம் மரபணு இழைகளின் நுனியில், செருப்புக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை போல, 'டெலோமியர்' என்ற பாதுகாப்புப் பகுதி உண்டு. வயது ஏற ஏற அது குறுகும். இதைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன் 2009-இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவரும் எலிஸ்ஸா எபெல் என்பவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் தாய்மாரையும் மற்ற தாய்மாரையும் பரிசோதித்தார்கள். மன அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்த தாய்மாருக்கு, குறைவாக உணர்ந்தவர்களைவிட, சுமார் பத்து ஆண்டு கூடுதல் மூப்புக்குச் சமமான அளவு அந்த நுனி குறுகியிருந்தது. மன அழுத்தம் ஒன்றுதான் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் 'கவலையில் கிழடு தட்டிப்போனான்' என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை என்பது புரிகிறது.

லண்டனில் அரசு ஊழியர்களிடம் பல்லாண்டுகள் நடந்த 'ஒயிட்ஹால்' ஆய்வுகளிலும் நமக்குப் பாடம் உண்டு. தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அவை காட்டின. லைனில் நிற்கும் தொழிலாளிக்கு அந்த உரிமை எவ்வளவு இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. எனவே 'டென்ஷன் ஆகாதே' என்று அவருக்கு அறிவுரை சொல்வது மட்டும் போதாது. வேலை நேரமும் வேலை நிலையும்கூட உடல்நலப் பிரச்சினைதான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம்.

ஷிப்ட் போவது ஒருவர், தூக்கம் கெடுவது எல்லோருக்கும்

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருள் வந்தால் உறக்கத்துக்கான சுரப்பு கூடும். வெளிச்சம் வந்தால் விழிப்புக்கான ஏற்பாடு தொடங்கும். நைட் ஷிப்ட் இதைத் தலைகீழாக்குகிறது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறினால் உடல் எந்த நேரத்துக்கும் பழகுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இப்படி வேலை செய்பவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வேலையை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் நாம் சொல்ல முடியாது. ஆனால் பாதிப்பைக் குறைக்கலாம். ஷிப்டின் கடைசி சில மணி நேரம் டீ, காபி வேண்டாம். வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் அறையாதபடி கறுப்புக் கண்ணாடி போடலாம். படுக்கும் அறையில் கனமான திரை கட்டி இருட்டாக்குங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். பகலில் ஒரே மூச்சில் தூங்க முடியாவிட்டால், இரண்டு தவணையாகவாவது ஏழு மணி நேரம் தூங்குங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறுவதை உடல் ஓரளவு தாங்கும். தலைகீழ் வரிசை கடினம். இதைச் சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் கேட்கலாம்.

இரவில் கண் விழிப்பதற்காகச் சிலர் போதைப் பாக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. ஆனால் கர்நாடக எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இங்கே அது கிடைத்துவிடுகிறது. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர் வழி. அது ஹராமா, மக்ரூஹா என்ற விவாதத்துக்கு முன்னால், குடல்நோய்ப் பிரிவுக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

வீட்டுப் பெண்களின் நிலையையும் பாருங்கள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கணவர் போக, நான்கு மணிக்கே எழுந்து டிபன் கட்ட வேண்டும். செகண்ட் ஷிப்டுக்குப் போன மகன் வர, நள்ளிரவு வரை விழித்திருந்து சாப்பாடு போட வேண்டும். நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து. சீருடை போடாமலே எல்லா ஷிப்டும் பார்ப்பவர் அவர்தான். அவருடைய பி.பி.யை யார் பார்க்கிறார்கள்?

அபூதர்தா (ரலி) அவர்கள் இரவெல்லாம் தொழுது குடும்பத்தைக் கவனிக்காமல் இருந்ததைக் கண்ட ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி) அவர்கள், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் அவரவர் உரிமை உண்டு என்று சொல்லி அவரைத் தூங்க வைத்த சம்பவத்தை நாம் அறிவோம். ஸல்மான் சொன்னது சரி என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இந்த வரம்பு என்றால், ஓவர்டைமுக்கு வரம்பு வேண்டாமா? ஷிப்டிலிருந்து வருபவர் தன் சாப்பாட்டைத் தானே சூடாக்கிச் சாப்பிட்டால் வீட்டில் இன்னொருவரின் இரண்டு மணி நேரத் தூக்கம் மிஞ்சும்.

தட்டும் நடையும்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பெரியவர்கள் ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்புக்கு நல்லது. ஆனால் அவர்கள் களியைத் தின்றுவிட்டு வயலில் இறங்கினார்கள். நாம் அதே உருண்டையைத் தின்றுவிட்டுப் படுத்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு சிறு உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரையும் பருப்பும் என்று தட்டை மாற்றிக்கொள்வது நல்லது.

டீயையும் கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், நாளைக்கு ஐந்து டீயில் பத்து ஸ்பூன். நாற்பது கிராமுக்குக் குறையாது. சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பேக்கரிப் பண்டங்களில் உள்ளதும் இதில் சேரும். வெள்ளிக்கிழமை பிரியாணியை யாரும் தடுக்கவில்லை. திருமணம், அகீகா, வலீமா என்று வாரத்துக்கு மூன்று பிரியாணி ஆகும்போதுதான் சிக்கல்.

பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு பதில் சொல்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் அளவில் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 26.4 விழுக்காடு. நடை மாத்திரைக்குச் சளைத்தது இல்லை என்பதை நம் ஊர் மக்களின் உடலிலேயே காட்டிய ஆய்வு இது.

வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை போதும். நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஓசூரின் காலைக் குளிரில் நடப்பது ஒரு நிஃமத். தொழுகையில் குனிந்து நிமிர்வது மூட்டுகளுக்கு நல்லதுதான். ஆனால் அதையே உடற்பயிற்சிக் கணக்கில் காட்டிவிட்டு நடைக்கு டிமிக்கி கொடுக்க வேண்டாம். பள்ளிவாசல் அரை கிலோமீட்டர்தான் என்றால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைப் பார்த்து மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்வது அவசியம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு ஆகாது.

கடனும் தனிமையும்

மனச் சுமையில் பெரும்பங்கு கடன். மனை விலை ஏறிக்கொண்டே போகும் ஊரில் வீட்டுக் கடன், வண்டிக் கடன், அதற்கு மேல் திருமணக் கடன். தவணை கட்ட ஓவர்டைம், ஓவர்டைமால் தூக்கமின்மை, தூக்கமின்மையால் நோய், நோய்க்கு மீண்டும் கடன் என்று சுற்றிக்கொண்டே போகிறது. கவலையிலிருந்தும் கடன் பாரத்திலிருந்தும் நபி (ஸல்) அவர்கள் ஒரே துஆவில் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். எளிமையான நிகாஹ் ஒன்று நடந்தால் மணமகளின் தந்தைக்குப் பத்து வருட பி.பி. குறையும் என்று நாம் சொன்னால் மிகை ஆகாது.

மனம் உடைந்தவரை 'ஈமான் பலவீனம்' என்று ஏசுவதை நிறுத்துவோம். தொழுகையும் திக்ரும் மனதுக்கு அமைதி தருகின்றன. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது சிகிச்சை தேவைப்படும் நிலை. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையை வழிநடத்தும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, பெங்களூருவில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. முதியோர் பிரச்சினைகளுக்கு 14567 என்ற உதவி எண் உண்டு.

ஓய்வு பெற்றவர்களின் தனிமை இன்னொன்று. கம்பெனி பஸ் நின்றதும் முப்பது வருட நட்பும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938 முதல் நடத்திவரும் ஆய்வில், முதுமையில் உடலும் மனமும் நலமாக இருப்பதற்கு நல்ல உறவுகள் பெரிய துணை என்று தெரியவந்தது. நமக்கு ஐந்து வேளை கூடும் இடம் இருக்கிறது. தொழுது முடித்ததும் பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் ஐந்து நிமிடம் பேசுகிறோமா?

இந்த வாரமே செய்யக்கூடியவை

நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும், பெண்கள் உட்பட, பி.பி.யும் சர்க்கரையும் பாருங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ பார்க்கலாம். 140/90-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நம்மில் பலர் ஒரு மாதம் ஓசூரிலும் அடுத்த மாதம் பெங்களூருவிலும் பார்ப்பதால் சீட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரே நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். நம் சகோதரர் அந்த நேரத்தைத் தூக்கத்தில் இழந்தார்.

ஜமாஅத் நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை. பள்ளிவாசலில் ஒரு பி.பி. கருவி வாங்கி வையுங்கள். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மஹல்லாவின் செவிலியரோ மருந்தாளரோ அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பெண்களுக்குத் தனி நாள் வையுங்கள். கணக்கில் வராத அளவு சிறிய செலவு இது.

அந்தச் சகோதரர் இப்போது இயன்முறை சிகிச்சையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறார். சென்ற வாரம் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு இளைஞரிடம் குழறும் குரலில் அவர் கேட்டது ஒன்றுதான்: 'மாத்திரை சாப்பிட்டியா தம்பி?'

அல்லாஹ் அவருக்கும் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபா தருவானாக. நம் உடலை அமானிதமாகப் பேணி, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பாரமாகாமல் துணையாக வாழும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.